டெல்லிக்கு எது பட்டம்? மயூர் விகார் மாடியில் ஒரு குளிர்காலம்

மயூர் விகார் முதல் பேஸில் உள்ள ஒரு டி.டி.ஏ. (டெல்லி வளர்ச்சி ஆணைய) அடுக்ககத்தின் மொட்டை மாடியில் மூன்று தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து காய்கறி வளர்க்கின்றன. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து மத்திய அரசு வேலையில் ஓய்வு பெற்ற மாமாவும் மாமியும், நொய்டாவில் வேலை பார்க்கும் ஒரு கோயம்புத்தூர்த் தம்பதி, அப்புறம் என் வீடு. 2024 அக்டோபரில் தொடங்கி 2025 ஏப்ரலில் முடிந்த குளிர்காலப் பருவத்தை ஒரு நோட்டில் முழுதாகக் குறித்து வைத்தோம். எந்தப் பையில் என்ன விதை, எந்த வாரம் போட்டது, எப்போது முளைத்தது, எப்போது பறித்தோம், எது செத்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அந்த நோட்டை வைத்து எழுதிய ஆய்வுதான் இது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாடியில் விளைந்ததையும் விளையாமல் போனதையும் பிரித்தவை விதைத்த வாரமும் பை இருந்த இடமும்தான். உரமும் வேப்பெண்ணெயும் அதற்கு அப்புறம்தான் வருகின்றன. வடக்கே வந்து குடியேறிய நம் வீடுகளில் பலரும் ஊரில் கற்ற பட்டத்தை, அதாவது விதைக்கும் பருவத்தை, அப்படியே பின்பற்றுகிறார்கள். செடி வராமல் போனால் மண்ணைக் குறை சொல்கிறார்கள், இல்லையென்றால் தங்களுக்குக் கை ராசி இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இடமும் ஏற்பாடும்

நான்கு மாடிக்கு மேலே உள்ள திறந்த மாடி. தெற்கிலும் கிழக்கிலும் மூன்றடிக் கைப்பிடிச் சுவர். வடக்குப் பக்கம் மாடிப்படி அறையின் வெள்ளைச் சுவர், தெற்கு பார்த்தபடி நிற்கிறது. காய்களுக்கு 15 அங்குல, 12 அங்குல க்ரோ பேக் (செடி வளர்க்கும் பை), கீரைக்குத் திராட்சை வந்த தெர்மாகோல் பெட்டிகள், மற்றவற்றுக்குப் பழைய பெயின்ட் வாளிகள். 15 அங்குலப் பை ஒன்று ஏறக்குறைய நாற்பது லிட்டர் மண் பிடிக்கும். நனைந்தால் நாற்பது ஐம்பது கிலோ வரும். அதனால் மாடியின் நடுவே எதையும் வைக்காமல் சுவரை ஒட்டியே வரிசைப்படுத்தினோம்.

மண் கலவை எல்லாப் பைக்கும் ஒன்றுதான். தோட்டமண், மண்புழு உரம், தென்னைநார்க் கழிவு மூன்றும் சம அளவு, பைக்கு ஒரு கை வேப்பம் புண்ணாக்கு. மேலுரமாகக் கடுகுப் புண்ணாக்கைச் சில நாள் ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் கலந்து ஊற்றினோம். நம் ஊரில் கடலைப் புண்ணாக்கு மாதிரி இங்கே கடுகுப் புண்ணாக்கு எளிதாகக் கிடைக்கும். எல்லாருக்கும் ஒரே மண், ஒரே உரம், ஒரே தண்ணீர் என்பது பின்னால் வரும் ஒப்பீடுகளுக்கு முக்கியம். ஒரு பை செழித்துப் பக்கத்துப் பை வாடியதற்கு மண் காரணமாக இருக்க முடியாது.

ஆடியில் என்ன தவறு?

‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்று கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாங்கள் எல்லாரும். காவிரியில் தண்ணீர் வருவதும், வெயில் தணிவதும், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பின்தொடர்வதும் சேர்ந்து உண்டாக்கிய பட்டம் அது. டெல்லியில் ஆடி வேறு மாதிரி. டெல்லி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தின் ஆண்டுச் சராசரி மழை 774 மில்லிமீட்டர் சொச்சம். அதில் பாதிக்கு மேல், 440 மில்லிமீட்டர் அளவுக்கு, ஜூலை ஆகஸ்ட் இரண்டே மாதத்தில் கொட்டிவிடும். பகலில் 34, 35 டிகிரி, அதோடு புழுக்கம். நாற்று தண்டடியில் அழுகிச் சாயும், வெள்ளை ஈ பெருகும். செப்டம்பர் இரண்டாம் பாதியில் மழை விலகிப் போனால் அதோடு சரி, நம் ஊர் வடகிழக்குப் பருவமழைக்கு இங்கே வேலையே இல்லை. அக்டோபர் நடுவிலிருந்து இரவுகள் குளிரத் தொடங்கும்.

இந்த ஊர்க் காய்கறி ஆண்டு மூன்று விதைப்புகளில் ஓடுகிறது. பிப்ரவரி மார்ச்சில் வெண்டை, சுரை, வெள்ளரி. ஜூன் ஜூலையில் மழைக்காலக் காய்கள். அக்டோபர் நவம்பரில் குளிர்காலக் காய்கள். மூன்றில் மிகவும் தாராளமானது கடைசியாகச் சொன்னதுதான். எங்கள் குடியிருப்புக்கு மேற்கே, யமுனைக் கரையில் சில்லா காதர் நிலங்களில் முள்ளங்கியும் பாலக்கும் போடுகிறவர்களுக்கு இது மனப்பாடம். யமுனைச் சமவெளியில் உணவுப் பயிர் வைக்கக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவிட்டது. ஆற்றில் கலக்கும் கழிவுதான் காரணம். எங்கள் வீடுகளில் கீரையை மாடியிலேயே வளர்த்துக்கொள்வோம் என்று முடிவெடுக்க அந்தப் பயமும் ஒரு காரணம். ஆனாலும் பட்டம் தெரிந்துகொள்ள அந்த விவசாயிகளைவிட நல்ல ஆசிரியர்கள் இல்லை. அங்கே ஒரு பெரியவர் மாமியிடம் சொன்னது இது: “மாதாஜி, காலண்டரைப் பார்த்துப் போடாதீங்க. ராத்திரி போர்வை தேட ஆரம்பிச்சதும் பட்டாணி போடுங்க.”

2024-ல் அந்தப் பேச்சுக்குத் தனி மதிப்பு இருந்தது. 1951-லிருந்து டெல்லி பார்த்த மிக வெப்பமான அக்டோபர் அதுதான். பகல் வெப்பத்தின் மாதச் சராசரியே 35 டிகிரியைத் தாண்டியது. விதைப் பாக்கெட்டின் பின்னால் ‘அக்டோபர்’ என்று அச்சடித்திருந்ததை நம்பி முதல் வாரத்தில் விதைத்த கோயம்புத்தூர்த் தம்பதியின் கொத்தமல்லி ஏறக்குறைய முளைக்கவே இல்லை. பட்டாணி முளைத்து, இரண்டு மூன்று இலை விட்டு, அடித்தண்டு கறுத்துப் படுத்துவிட்டது. கொத்தமல்லிக்கும் பட்டாணிக்கும் மண் குளிர வேண்டும். 25 டிகிரிக்குக் கீழே அவை சந்தோஷமாக முளைக்கும். 35-ல் கொத்தமல்லி முளைக்காமல் கிடக்கும், பட்டாணி அழுகும்.

மாமி தீபாவளி கழிந்து, சூரசம்ஹாரம் முடிந்த வாரத்தில் அதே பாக்கெட்டில் மிச்சமிருந்த விதையைப் போட்டார். கொத்தமல்லியை வழக்கம்போல் தேய்த்து இரண்டாக உடைத்துத்தான் போட்டார். பத்துப் பன்னிரண்டு நாளில் பெட்டி முழுக்கப் பச்சை. ஆர்க்கெல் வகைப் பட்டாணி ஜனவரியில் முதல் பறிப்புக்கு வந்தது. விதை ஒன்று, மண் ஒன்று, இடைவெளி ஒரு மாதம். எங்கள் மாடிக்கு இப்போது ஒரு எளிய அளவுகோல் இருக்கிறது. இரவில் மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தூங்கத் தொடங்கும் வாரம்தான் பட்டாணிக்கும் கொத்தமல்லிக்கும் பட்டம். அது சில ஆண்டு அக்டோபர் நடுவில் வரும், சில ஆண்டு நவம்பரில் வரும்.

முள்ளங்கியிலும் இதே பாடம்தான், சுருக்கமாகச் சொல்கிறேன். வெயிலைத் தாங்குவதற்கென்று உருவாக்கிய பூசா சேத்கி என்ற வகை அந்தச் சூடான அக்டோபரிலும் கிழங்கு பிடித்தது. அதே வாரம் போட்ட ஜப்பானிய வெள்ளை வகை மெலிந்து, நாக்கைச் சுடும் காரத்தோடு வந்தது. டிசம்பரில் போட்ட பூசா ஹிமானி இனிப்பாகத் திரண்டது.

சுவர் நிழல்

இந்தப் பருவத்தில் நாங்கள் கண்டுகொண்டவற்றில் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான். தமிழில் மாடித்தோட்டம் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

டெல்லி வடக்கே 28.6 பாகையில் இருக்கிறது. டிசம்பர் 21-ஐ ஒட்டி நண்பகலில் சூரியன் இங்கே 38 பாகை உயரம்தான் ஏறும். தஞ்சாவூரில் அதே நாள் அதே நேரம் ஏறக்குறைய 56 பாகை. இதை நிழலாகக் கணக்குப் போட்டால், மூன்றடிச் சுவரின் நிழல் தஞ்சாவூரில் நண்பகலில் இரண்டடி விழும், டெல்லியில் ஏறக்குறைய நான்கடி. காலையிலும் மாலையிலும் இன்னும் நீளம். அதாவது தெற்குச் சுவரை ஒட்டி வைத்த பைக்கு நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி கடைசிவரை நேரடி வெயில் கிட்டத்தட்டக் கிடையாது. மே மாதத்தில் சூரியன் உச்சியை நெருங்கும்போது இதே இடத்தில் நண்பகல் நிழல் கிட்டத்தட்ட இருக்காது. அதனால் கோடையில் பார்த்து ‘நல்ல வெயில் இடம்’ என்று தேர்ந்தெடுத்தது குளிரில் நேர்மாறாகிவிடும்.

பாலக் கீரையில் இது பளிச்சென்று தெரிந்தது. ஒரே நாளில் விதைத்த பெட்டிகளில் பாதி தெற்குச் சுவரடியில், பாதி வடக்கே மாடிப்படி அறைச் சுவரடியில். வடக்கு வரிசையில் முதல் அறுப்பு மூன்று வாரம் முந்தியது. அந்த வெள்ளைச் சுவர் பகலெல்லாம் வெயிலைத் திருப்பிச் செடி மேல் அடித்தது. இரவில் காற்றையும் மறித்தது. டிசம்பரில் மாமாவும் நொய்டாத் தம்பியும் சேர்ந்து தெற்கு வரிசைப் பெட்டிகளைத் தூக்கி நடுவே செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்த பிறகு அவையும் தெளிந்தன. தெர்மாகோல் பெட்டி என்பதால் தூக்க முடிந்தது, பெரிய பைகளை அசைக்க முடியவில்லை.

இதற்கு மேல் நவம்பரில் புகை. 18-ம் தேதி காற்றுத் தரக் குறியீடு 490-ஐத் தாண்டியது. பள்ளிகளை மூடினார்கள், மாடிக்குப் போகவே தயங்கிய நாட்கள் அவை. இலை மேல் படிந்த கரிப்படலத்தை விரலால் தொட்டே பார்க்கலாம். ஏற்கெனவே சாய்ந்த வெயில், அதையும் புகை வடிகட்டி விடுகிறது, மிச்சத்தை இலைத் தூசி தடுக்கிறது. வாரம் இரண்டு முறை காலையில் பூவாளியால் இலையைக் கழுவிவிட்டோம். மாலையில் கழுவினால் இலை இரவெல்லாம் ஈரமாக நின்று நோய் வரும், அதனால் காலைதான்.

காலிஃபிளவர்

பட்டம் என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் செடி எனக்குத் தெரியாது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஆனால் பூப் பிடிக்கும் வெப்பத்தை வைத்து நான்கு கூட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். முன்பருவ வகைகள், உதாரணத்துக்கு பூசா மேக்னா, பூசா தீபாலி, 20 முதல் 27 டிகிரியில் பூக்கட்டும். அடுத்த கூட்டத்துக்கு 16 முதல் 20. அதற்கடுத்ததற்கு 12 முதல் 16. கடைசிப் பருவ ஸ்னோபால் வகைகள் 10 முதல் 16 டிகிரிக் குளிரைக் கேட்கும்.

செடி முதலில் இலை விடும். தனக்கு உரிய குளிர் வந்ததும் நுனி இலை விடுவதை நிறுத்திப் பூவாகத் திரளும். பின்பருவ வகையை ஆகஸ்டில் நட்டால் குளிருக்குக் காத்துக்கொண்டு மாதக்கணக்கில் இலையாகவே போகும். முன்பருவ வகையை நவம்பரில் நட்டால் எதிர்விளைவு. அதற்கு வேண்டிய குளிர் ஏற்கெனவே வந்து கடந்தும் போயிருக்கும். நாற்று நாலைந்து இலையோடு இருக்கும்போதே பூப் பிடித்துவிடும். அந்த நாலு இலை எவ்வளவு சாப்பாடு தயாரித்துத் தரும்? எலுமிச்சை அளவில் பூ நின்றுவிடும்.

எங்கள் மாடியில் இரண்டு தொகுதி இருந்தது. ஒன்று சாலையோர நர்சரியில் தட்டில் வாங்கிய நாற்று, வகை பெயர் கிடையாது. நவம்பர் நடுவில் நட்டது. டிசம்பர் முடிவதற்குள் எல்லாச் செடியிலும் சின்னச் சின்னப் பூ, அதோடு சரி. மாமா கூடுதலாகப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றிப் பார்த்தார், ஒரு வித்தியாசமும் இல்லை. நுனி பூவாகத் திரும்பிவிட்ட செடி புதிதாக இலை விடாது, அதனால் அந்தக் கட்டத்தில் உரம் எதையும் மாற்றாது. இன்னொரு தொகுதி டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா வளாகத்தில் உள்ள விதை விற்பனைக் கவுன்டரில் வாங்கிய பூசா ஸ்னோபால் கே-1. செப்டம்பர் கடைசியில் நிழலில் நாற்றுவிட்டு, தீபாவளியை ஒட்டி நட்டது. டிசம்பர் முழுக்க அகல அகலமான இலை விட்டது. ஜனவரி கடைசியில் பூத் திரண்டது. வெயில் பட்டு மஞ்சளாகாமல் இருக்க மேல் இலைகளை மடக்கிப் பூவின் மேல் கட்டிவிட்டோம். ஒரு பெரிய பூ முக்கால் கிலோவைத் தொட்டது.

நர்சரிக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவரும் மொத்தமாக வாங்கி விற்பவர்தான். ஆனால் காலிஃபிளவரைப் பொறுத்தவரை வகை பெயர் தெரியாத நாற்றை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அறுபது எழுபது நாள் உழைத்த பிறகுதான் அது எந்தக் கூட்டம் என்று தெரியும்.

பூசா என்ற பெயரைப் பற்றி ஒரு சின்னத் தகவல். அது பீகாரில் உள்ள ஊர். இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1905-ல் அங்கேதான் தொடங்கியது. 1934 நிலநடுக்கத்தில் கட்டடம் சேதமாகி, 1936-ல் டெல்லிக்கு வந்தது. ஊர்ப் பெயரையும் கூடவே கொண்டு வந்துவிட்டது. கரோல் பாக்கில் குடியிருந்த பழைய தமிழர்களுக்கு அந்த வளாகம் அக்கம்பக்கம்தான். இன்று மயூர் விகாரிலிருந்து அங்கே போவது தூரம், இருந்தாலும் விதைக்காகப் போவது வீண் இல்லை.

தக்காளி

ஆகஸ்ட் கடைசியில் ஆடி வாசனையோடு நட்ட தக்காளி முழுதாகப் போனது. இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு, சிறுத்து, செடி குத்துச்செடி மாதிரி நின்றுவிட்டது. வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸ். தக்காளியைத் தாக்கும் இந்த வகை வைரஸ்களில் ஒன்றுக்குப் புது டெல்லியின் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்றால் இந்த ஊரில் அது எவ்வளவு பழக்கமான விருந்தாளி என்று புரிந்துகொள்ளலாம். வந்த செடியைக் காப்பாற்ற மருந்து இல்லை, பிடுங்கத்தான் வேண்டும். கோயம்புத்தூர்ப் பெண் பிடுங்குவதில் தயங்கவில்லை. “வச்சிருந்தா பக்கத்துச் செடிக்கும் வந்துரும்ங்க மாமி, மனசக் கல்லாக்கிக்கிட்டுப் புடுங்கிருங்க” என்று அவரே எல்லாவற்றையும் பிடுங்கிக் கட்டிப் போட்டார். அது சரியான முடிவு.

நவம்பரில் நட்ட தொகுதிக்குச் சுருட்டு வரவில்லை. குளிர் ஏறினால் வெள்ளை ஈ அடங்கிவிடும். ஆனால் வேறு தடை. டிசம்பர், ஜனவரியில் செடி பூத்தது, பூ முழுக்க உதிர்ந்தது. இரவு 12, 13 டிகிரிக்குக் கீழே போனால் தக்காளி மகரந்தம் சரியாக வேலை செய்யாது. இங்கே ஜனவரி இரவுகள் எட்டு, ஒன்பது. போரான் குறைபாடு, கால்சியம் குறைபாடு என்று என்னென்னவோ சொல்லி மருந்து வாங்க வைப்பார்கள். அந்த மாதத்தில் பூ உதிர்வது இயல்பு, விட்டுவிட வேண்டும்.

நடுவில் டிசம்பர் 28 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சஃப்தர்ஜங்கில் 41.2 மில்லிமீட்டர் மழை. டெல்லி டிசம்பரில் நூறு ஆண்டுகளில் அப்படி ஒரு நாள் மழை பெய்ததில்லை. அதன் பின்னால் மேகமும் மூடுபனியும். தெற்குச் சுவர் நிழலில் இருந்த தக்காளிப் பைகளில் இலை விளிம்பு தண்ணீர் கோத்தது போலாகி, கறுத்து, தண்டுக்கும் இறங்கியது. பின்பருவக் கருகல் என்ற நோய். வடக்கு வரிசையில் இலை சீக்கிரம் காய்ந்ததால் நாலைந்து இலையோடு நின்றது, அவற்றைக் கிள்ளி எடுத்த பிறகு செடி மீண்டது. சுவர் நிழலின் விலை இங்கே இன்னொரு முறை தெரிந்தது.

பிப்ரவரியில் இரவு இதமானதும் காய் பிடிக்கத் தொடங்கியது. மார்ச் முழுக்கப் பறித்தோம். மூன்று வீட்டு ரசத்துக்கும் கடைக்குப் போகவில்லை. ஏப்ரல் முதல் வாரம் கடந்ததும் வெயில் 40-ஐத் தொட்டது, புதிய பூ நின்றது. ஆக, டெல்லியில் குளிர் கழிந்த பிறகு தக்காளி காய் பிடிக்கும் காலம் இரண்டு மாதம்கூட முழுதாக இல்லை. அந்த இரண்டு மாதத்துக்குள் செடி முழு வளர்ச்சியோடு நிற்க வேண்டும். அதற்கு நவம்பரில் நட்டு நிழலில்லாத இடத்தில் குளிரைக் கடத்துவது ஒரு வழி. நவம்பர் டிசம்பரில் பிளாஸ்டிக் மறைப்புக்குள் நாற்றுவிட்டு, குளிர் உடைந்ததும் நடுவது இன்னொரு வழி.

ஊர்க் கீரை, ஊர்ச் செடி

மாயவரத்திலிருந்து வந்த சிறுகீரை விதையை நவம்பரில் போட்டதில் பயனில்லை. தண்டுக்கீரைக் குடும்பத்துக்கு வெப்பம் வேண்டும். குளிரில் வளராததோடு, பகல் குறுகும்போது விரலளவு உயரத்திலேயே கதிர் தள்ளிவிடுகிறது. அதே விதை மார்ச்சில் போட்டபோது நம் ஊர் போலவே வந்தது. குளிரில் இந்த ஊர்க் கீரைகளையே நம்ப வேண்டும். பாலக், வெந்தயக் கீரை, கடுகுக் கீரை. விதைக்காமலே பைகளில் முளைத்த பதுவாவைக் கோயம்புத்தூர்ப் பெண் களை என்று பிடுங்கப் போனார், மாமி தடுத்தார். “இது நம்ம சக்கரவர்த்திக் கீரைடீ, மசிச்சுப் பண்ணிப் பாரு.” அதிலிருந்து பிப்ரவரிவரை அது தனிப் பயிராகவே கணக்கில் ஏறியது. மணத்தக்காளியும் அப்படித்தான், பறவை போட்டது. குளிரில் அசையாமல் நின்று மார்ச்சில் காய்த்தது, வற்றல் போடும் அளவுக்கு.

கறிவேப்பிலை இரண்டு பெரிய தொட்டிகளில் இருந்தது, ஒரே வயது. ஜனவரியில் இரண்டும் மஞ்சளாகி இலை கொட்டின. 15 டிகிரிக்குக் கீழே அது தூங்கப் போய்விடும். தூங்கும் செடி தண்ணீர் குடிக்காது. ஒரு தொட்டிக்கு, வாடுகிறதே என்று தினம் தண்ணீர் விட்டார்கள். பிப்ரவரியில் தோண்டிப் பார்த்தபோது வேர் கறுத்து அழுகியிருந்தது. வெள்ளைச் சுவரடியில் இருந்த இன்னொன்றுக்கு மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர் கிடைத்தது. மொட்டைக் குச்சியாக நின்று, பிப்ரவரி கடைசியில் கொழுந்துவிட்டது. டெல்லியில் கறிவேப்பிலை செத்துப்போகிறது என்று வருந்துகிறவர்கள் நிறையப் பேர். என் கணிப்பில் குளிர் அதைக் கொல்வது அபூர்வம், அன்பாக ஊற்றும் தண்ணீர்தான் கொல்கிறது.

அரை டிரம்மில் இருந்த பி.கே.எம்-1 வகை முருங்கையும் ஜனவரியில் மொட்டையானது. எதுவும் செய்யாமல் விட்டோம். மார்ச்சில் பூத்தது.

ஆடிப் பட்டம் டெல்லியில் ஒரே ஒரு செடிக்கு அருமையாகப் பொருந்தியது. அவரை. மாமி ஆடியில் ஊன்றிய கொடி மழையில் ஓடிப் படர்ந்து, பகல் குறுகத் தொடங்கியதும் பூத்தது. நவம்பரிலிருந்து காய். அவரை பூப்பதற்குப் பகலின் நீளத்தைப் பார்க்கும், அதனால் ஊர் மாறினாலும் குளிர்காலத் தொடக்கத்தில்தான் பூக்கும். ஊரில் பழகிய கணக்கு அப்படியே பலித்ததில் மாமிக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்துதான் இந்தப் பகுதியைத் தனியாக எழுதத் தோன்றியது.

பூச்சி

பிப்ரவரியில் அசுவினி வந்தது. கடுகுக் கீரையிலும் காலிஃபிளவரிலும் பச்சை, அவரையில் கறுப்பு. தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவியதில் பாதி போயிற்று. மிச்சத்துக்கு லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்பு. அவரைக்கு மட்டும் அடிக்கவில்லை, ஏனென்றால் பொறிவண்டின் புழுக்கள் கொடியில் நிறைய இருந்தன. கறுப்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு குட்டி முதலை போல இருக்கும் அந்தப் புழுக்களைப் பூச்சி என்று நினைத்து நசுக்குகிறவர்கள் உண்டு. விட்டுவைத்தால் அசுவினியை அவையே தின்று தீர்க்கும். இரண்டு வாரத்தில் கொடி சுத்தமானது.

பட்டாணிக்குப் பிப்ரவரி கடைசியில் சாம்பல் நோய். ஆர்க்கெல் வகைக்கு இது வழக்கம். அந்த மாதக் கடைசியில் ஒரு நாள் இரவிலேயே 19.5 டிகிரி இருந்தது, பட்டாணி எப்படியும் முடிவுக்கு வந்திருக்கும். பிடுங்கி உரக்குழியில் போட்டோம். புறாக்களுக்கு மட்டும் மருந்து எதுவும் இல்லை, முளை வந்த நாளிலிருந்து வலை போட வேண்டியதுதான்.

அடுத்த பருவத்துக்கு

ஜனவரியில் டெல்லிச் சந்தையில் காலிஃபிளவரும் முள்ளங்கியும் பட்டாணியும் மலிவு, தரமும் நன்றாக இருக்கும். நாற்பது லிட்டர் மண்ணில் நான்கு மாதம் ஒரு பூ வளர்ப்பது பணக் கணக்கில் நிற்காது. அதனால் காலிஃபிளவர் பைகளைப் பாதியாகக் குறைக்கிறோம். முழுதாக விட மாமாவுக்கு மனமில்லை, எனக்கும் இல்லை. பறித்த நிமிடமே சுவை குறையத் தொடங்கும் கொத்தமல்லிக்கும் வெந்தயக் கீரைக்கும், இங்கே கடையில் வாடிப்போய்க் கிடைக்கும் அல்லது கிடைக்காத மணத்தக்காளி, முருங்கைக் கீரை, கறிவேப்பிலைக்கும் அந்த இடம் போகும்.

வெண்டையும் சுரையும் மார்ச் தொடக்கத்தில் ஊன்றியாயிற்று, சுரை இப்போது கொடி ஏறுகிறது. அவரை இந்த ஆடியிலும் ஆடியிலேயேதான். ஆகஸ்டில் தக்காளி கிடையாது. ஸ்னோபால் விதையைச் செப்டம்பர் மூன்றாம் வாரத்துக்குள் மாமா வாங்கி வருவார், நாற்றும் நாங்களே விடுவோம். கொத்தமல்லி, பட்டாணி விதைகளை மின்விசிறி நிற்கும்வரை பாக்கெட்டைவிட்டு எடுக்கப் போவதில்லை. தெற்குச் சுவரடியில் உள்ள பெரிய பைகளுக்குச் சக்கரம் வைத்த பலகை செய்யச் சொல்லியிருக்கிறோம். கார்த்திகை பிறந்ததும் அவற்றை வடக்குச் சுவருக்குத் தள்ளி, மாசியில் திரும்பக் கொண்டுவருவதாகத் திட்டம். பலகைச் செலவை மூன்று வீடும் பங்கிட்டுக்கொள்கிறோம்.